ஒரு கையெழுத்துக்கு மூன்று பேர்

அத்தியாயம் 14

அன்று மழை பெய்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. அம்மா குடை பிடித்துக்கொண்டு நடந்தது நினைவிருக்கிறது. ஆனால் அவள் வெயிலுக்கும் குடை பிடிப்பவள். அப்பாவைக் கேட்டால் அது வெள்ளிக்கிழமை என்பார். நான் இத்தனை காலமாகச் செவ்வாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். விசாரணை அறையில் யார் எதற்குப் பிறகு பேசினார்கள் என்பதிலும் எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போனதில்லை.

பேசிய வார்த்தைகளை நான் கொஞ்சம் மாற்றியிருக்கக்கூடும். யாரும் பேசாமல் இருந்த நேரங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

தொடர்ந்து படித்துவருகிறவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

அப்பா சரக்கு ரயில் டிரைவர். இருபத்தேழு வருஷ வேலையில் ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வாங்காதவர். விசாரணைக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை அவர் ஓட்டிய வண்டி சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் நின்றது. எதிரே அதே தண்டவாளத்தில் ஒரு பயணிகள் வண்டி. இரண்டுக்கும் நடுவே நூற்றைம்பது அடி இருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அன்று முதல் அப்பா சஸ்பெண்டில் வீட்டில் இருந்தார்.

எங்கள் குவார்ட்டர்ஸில் ‘புத்தகம் வந்திருக்கு’ என்றால் டூட்டிக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். டிப்போவிலிருந்து ஒருவர் சைக்கிளில் நீளமான ஒரு புத்தகத்தைக் கொண்டுவருவார். அவருக்குப் பெயரே புத்தகக்காரர். வண்டி எண்ணுக்கும் நேரத்துக்கும் எதிரே டிரைவர் கையெழுத்துப் போட வேண்டும்.

பன்னிரண்டு மணி நேர ஓய்வு இல்லாமல் ஒரு டிரைவரை வண்டியில் ஏற்றக் கூடாது என்பது விதி. அவரே சம்மதித்தால் ஏற்றலாம் என்பது விதிவிலக்கு. அந்தச் சம்மதத்தையும் புத்தகத்திலேயே அச்சடித்து வைத்திருந்தார்கள்: ‘ஓய்வு குறைவு என்று தெரிந்தே என் சம்மதத்துடன் வருகிறேன்.’ அறுபது டிரைவர்கள் இருக்க வேண்டிய டிப்போவில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். அதனால் விதி எப்போதாவது நடந்தது. விதிவிலக்கு தினமும் நடந்தது.

புத்தகம் வரும்போது அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். அம்மா எழுப்ப மாட்டாள். அவளே அவர் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டு, டீ போட்டு, சாப்பாடு கட்டி, ஷூவைத் துடைத்து வைத்த பிறகுதான் எழுப்புவாள். அதில் அவருக்கு இருபது நிமிஷத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும். எட்டு வருஷமாக இப்படித்தான். எங்கள் வரிசையில் எல்லா வீடுகளிலும் இப்படித்தான்.

சிக்னலைத் தாண்டியதற்கு முந்தைய நாள் அப்பா பகல் இரண்டு மணிக்கு வந்து படுத்தார். ஆறு மணிக்குப் புத்தகம் வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டாள்.

நாலு மணி நேர ஓய்வில் போக நீங்களாகத்தானே சம்மதித்தீர்கள் என்று இலாகா கேட்டது. ஆமாம், என் கையெழுத்துதான் என்று அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. எந்த வண்டிக்கு எந்த டிரைவர் என்று ஆள் போட்டு, புத்தகத்தை அனுப்பும் கிளார்க் வேறு யாரும் இல்லை. என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி.

விசாரணை பத்து மணிக்கு.

அப்பா ஏழு மணிக்கே குளித்து, யூனிஃபார்மைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முந்தைய நாள் மாலையே அம்மாவுக்கும் அவருக்கும் பேச்சு முடிந்திருந்தது. நான் வந்து உண்மையைச் சொல்கிறேன் என்று அம்மா சொன்னாள். பெண்டாட்டியை முன்னால் தள்ளிவிட்டுத்தான் நான் தப்பிக்க வேண்டுமா என்று அப்பா கேட்டார். வேலை போனால் இந்த வீடும் போகுமே என்றாள். போகட்டும் என்றார். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் சண்டை என்பது அவ்வளவுதான்.

நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கியவர் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தூங்கலம்மா,” என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. “எல்லாரும் தூங்கிட்டேன்னு நினைக்கறாங்க. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. சிவப்பு தெரிஞ்சுது. சிவப்புன்னா என்ன பண்ணணும்ங்கறது மட்டும் வரல.”

பிறகு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். வாசலில் அம்மா நின்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

எட்டரை மணிக்கு மாமா வந்தார். ஷேவ் செய்யவில்லை. நாற்காலியின் நுனியில், உடனே எழுந்து போகப்போகிறவர் மாதிரி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. டீயில் ஆடை கட்டிவிட்டது.

நல்ல தூக்கம் என்பது அவருக்கும் கிடையாது. வண்டிகளை ஓடவைக்கும் கன்ட்ரோல் அறையிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். வண்டி நிற்கிறது, டிரைவர் எங்கே என்பார்கள். ‘ஆள் இல்ல சார், பாக்கறேன் சார்’ என்பார் மாமா. அவருடைய சின்ன மகள் முதன்முதலில் பேசிய வாக்கியமே அதுதான் என்று அத்தை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். பொம்மை போனைக் காதில் வைத்துக்கொண்டு சொன்னாளாம்.

“நீ வராத அக்கா,” என்றார் மாமா.

அம்மா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் பாத்துக்கறேன்.”

“என்னத்தடா பாத்துப்ப?”

அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது.

“ஒண்ணும் கேக்காத. இன்னிக்கு ஒரு நாள் வீட்ல இரு. நீ வந்தா எல்லாருக்கும் கஷ்டம்.”

மூன்றாவது முறை போன் அதிர்ந்ததும் எழுந்து போய்விட்டார். தெருமுனை வரை போனைக் காதில் வைத்துக்கொண்டே நடந்ததைப் பார்த்தேன். என்ன சொல்கிறார் என்று காதில் விழாமலே தெரிந்தது.

“பயந்துட்டான்,” என்றாள் அம்மா. “வேலை போயிடும்னு பயம். ரெண்டு பிள்ளைங்க இருக்கே.” அவள் குரலில் கோபம் இல்லை. ஆடை கட்டிய டீயை ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவினாள். எனக்குத்தான் கோபம். தன் வேலைக்காக அத்தானைப் பலி கொடுக்கிறார் என்று அன்று காலை நான் உறுதியாக நம்பினேன்.

அம்மா ஒன்பது மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு எங்கள் வரிசையில் வீடு வீடாக ஏறினாள். ஒன்பது வீடுகள். நான் பின்னாலேயே போனேன். எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டாள்: நீயும்தானே கையெழுத்துப் போடுகிறாய், என்னோடு வந்து ஒரு வார்த்தை சொல்கிறாயா?

ஒருத்தியும் இல்லை என்று சொல்லவில்லை. ஒருத்தியும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தது. ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

ஏழாம் நம்பர் வீட்டு அக்காதான் வெளிப்படையாகப் பேசினாள். உள்ளே அவள் புருஷன் குறட்டை விடுவது கேட்டது. அதனால் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

“நீ போய்ச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? நாளையிலேருந்து அவரை எழுப்பி, உக்கார வெச்சு, கையெழுத்து வாங்குவாங்க. புத்தகம் வர்றது நிக்கவா போகுது? இருக்கிற இருபது நிமிஷத்தையும் கெடுத்துடாத.”

அம்மா குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

நாங்கள் இரண்டு பேரும் மட்டும் போனோம்.

விசாரணை நடந்தது கோட்ட அலுவலகத்தின் முதல் மாடியில். வாசலில் இருந்த பியூன் பட்டியலைப் பார்த்தார். அம்மாவின் பெயர் அதில் இல்லை. அழைக்காதவர்களை உள்ளே விட முடியாது என்றார். அவள் சரி என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு மணி நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். நான் வேலை செய்த மருந்துக்கடைக்குப் போன் பண்ணி அரை நாள் லீவை முழு நாளாக மாற்றினேன்.

இரண்டு வருஷத்தில் ஐந்தாறு விபத்துகள் நடந்த பிறகு ரயில்வேயைச் சீரமைக்க ஒரு குழு போட்டிருந்தார்கள். அந்தக் குழுவின் உறுப்பினர் ஒருவர் டிப்போ டிப்போவாகப் போய்க்கொண்டிருந்தார். அன்று இந்த விசாரணையிலும் வந்து உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கால் வீக்கத்தால் ஷூவை லேசாகக் கழற்றி வைத்துக்கொள்பவர். எல்லோரும் குழுக்காரர் என்றார்கள்.

அவர் ஒரு தடவை வெளியே வந்தார். திரும்பிப் போகும்போது அம்மாவைப் பார்த்து, நீங்கள் யாரம்மா, வந்ததிலிருந்து இங்கேயே இருக்கிறீர்களே என்றார். டிரைவரின் மனைவி என்று அம்மா சொன்னாள். கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வந்ததாகச் சொன்னாள்.

அவர் முகத்தில் ஒரு சலிப்பு வந்தது. அது எங்கள்மேல் வந்த சலிப்பு என்று நினைத்தேன்.

“நீங்களுமா? உள்ள வாங்க,” என்றார்.

நீளமான மேஜை. நடுவில் விசாரணை அதிகாரி. ஓரத்தில் டைப்பிஸ்ட். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மாமா. அம்மாவைப் பார்த்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாமா எழுந்து நின்றுவிட்டு, ஏன் நின்றோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

“அந்தக் கையெழுத்து நான் போட்டது சார்,” என்றாள் அம்மா.

டைப்பிஸ்ட் விரல்களை எடுத்துவிட்டாள்.

“இல்ல சார்,” என்றார் அப்பா. “அவ எனக்காகச் சொல்றா. அது என்னோடது.”

குழுக்காரர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். மாமா முந்தைய நாள் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. டிரைவர் தூங்கிக்கொண்டிருந்ததால் புத்தகம் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. வண்டி தாமதமாகக் கூடாது என்று டிரைவரின் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். அவர் சம்மதம் கொடுக்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

அம்மா திரும்பித் தன் தம்பியைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்துக்கறேன் என்று அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் எனக்கும் புரிந்தது. காலையில் அவரைப் பற்றி நினைத்ததற்காக நானும் தரையைப் பார்த்தேன்.

“நாற்பது வருஷம் ரயில்வேல இருந்திருக்கேன்,” என்றார் குழுக்காரர். “என் கையெழுத்து இல்லைன்னு சொல்றவங்களைத்தான் பார்த்திருக்கேன். ஒரு கையெழுத்துக்கு மூணு பேர் சொந்தம் கொண்டாடறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி மூன்று பேரையும் வரிசையாக அந்தக் கையெழுத்தைப் போடச் சொன்னார்.

அப்பா போட்டார். எட்டு வருஷமாகச் சம்பளத்துக்கும் லீவுக்கும் மட்டுமே போட்ட கையெழுத்து. பாதியில் தயங்கி நின்று, பிறகு கோணலாக முடிந்தது. மாமா போட்டார். படத்தைப் பார்த்து வரைகிற மாதிரி இருந்தது. அம்மா குடையை இடது கையில் மாற்றிக்கொண்டு, குனிந்து, தாளைச் சரியாகக்கூடப் பார்க்காமல் ஒரே இழுப்பில் போட்டாள். புத்தகத்தில் இருந்தது அப்படியே தாளில் வந்து உட்கார்ந்தது.

இது கள்ளக் கையெழுத்து என்று தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றாள். எட்டு வருஷமாகவா என்றார். ஆமாம் என்றாள்.

குழுக்காரர் புத்தகத்தின் மற்ற பக்கங்களைப் புரட்டி அவள் முன்னால் வைத்தார். இந்தக் கையெழுத்துகள் எல்லாம் யாருடையவை என்று கேட்டார். அம்மா அவற்றை மெல்லப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏழாம் நம்பர் அக்காவின் உருண்டை எழுத்து எனக்கே தெரிந்தது. அவசரத்தில் போட்டவை, தூக்கக் கலக்கத்தில் போட்டவை, எல்லாம் பெண்கள் கையெழுத்து.

“எனக்கு என்னோடது மட்டும்தான் சார் தெரியும்.”

அவர் வற்புறுத்தவில்லை. வேறொன்று கேட்டார்.

“நீங்க போடறது உங்க தம்பிக்குத் தெரியுமா?”

அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு சரக்கு வண்டி போனது. அது போய் முடியும்வரை அம்மா பேசவில்லை. வேறு எங்கும் பார்க்க முடியாமல் நான் பெட்டிகளை எண்ணினேன். நாற்பத்திரண்டு. தெரியாது என்று சொன்னால் மாமா தப்பலாம். ஆனால் அவருடைய பொய் வாக்குமூலம் ஏற்கெனவே மேஜையில் கிடக்கிறது. எதுவும் தெரியாதவர் எதற்காக அதை எழுதினார் என்று கேட்பார்கள். தெரியும் என்று சொன்னால், ஓய்வில்லாத ஆளைத் தெரிந்தே ஏற்றி அனுப்பினார் என்றாகும். எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் அவளுடைய ஆள் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

“தெரியும் சார்,” என்றாள். “அவன்தான் என்கிட்ட வாங்கச் சொல்லி அனுப்புவான். ஆனா அவன்கிட்ட ஆள் இல்ல. ஆள் இல்லன்னு அவன் சொல்லாத நாள் இல்ல. அதை எழுதிக்குங்க.”

பணியாளர் எண்ணிக்கை இந்த விசாரணையின் வரம்பில் வராது என்றார் அதிகாரி. கடுமையாகச் சொல்லவில்லை. பலமுறை சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவர் வாயில் தேய்ந்துபோயிருந்தது.

அதுவரை குனிந்திருந்த அப்பா நிமிர்ந்தார்.

“எழுப்பியிருந்தாலும் நான் போட்டிருப்பேன் சார். மாட்டேன்னு எங்க டிப்போல யாரும் சொன்னதில்ல. சொல்லலாம்னு தோணினதுகூட இல்ல. சம்மதம்னு அச்சடிச்சிருக்கீங்க. சம்மதம் இல்லன்னு எழுத அந்தப் பக்கத்துல இடம் எங்க இருக்கு?”

டைப்பிஸ்ட் அதிகாரியைப் பார்த்து, இதையும் அடிக்க வேண்டுமா என்று கேட்டாள். அதிகாரி குழுக்காரரைப் பார்த்தார்.

“அடிங்கம்மா,” என்றார் அவர்.

வெளியே தாழ்வாரத்தில் மாமா அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். பல மாதம் தூங்காதவரின் குரலில் பேசினார்.

“கெடுத்துட்டியே அக்கா. நான் ஒருத்தன் போயிருந்தா முடிஞ்சிருக்கும்.”

“எதுடா முடிஞ்சிருக்கும்?” என்றாள் அம்மா. “உன் நாற்காலில நாளைக்கு வேற ஒருத்தன் உக்காந்து, வேற வீட்டுக்குப் புத்தகம் அனுப்புவான்.”

அவர் ஏதோ சொல்ல வந்தார். போன் அடித்தது. படிக்கட்டில் இறங்கிக்கொண்டே அதை எடுத்தார். சஸ்பெண்ட் உத்தரவு மாலையில்தான் வந்தது. அதுவரை அவருக்கு டூட்டி இருந்தது.

பிறகு ஆனது இதுதான். அப்பாவின் வேலை போகவில்லை, டிரைவர் பதவி போனது. எஞ்சின் கொட்டகையில் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். வீடு எங்களிடமே இருந்தது. அவர் காலையில் போய் மாலையில் வந்தார். முதல் இரண்டு மாதம் வீட்டுக்கு வந்ததும் படுத்துத் தூங்கினார். அதன் பிறகு தூக்கம் வராமல் கூடத்தில் நடக்க ஆரம்பித்தார்.

அம்மாவுக்கு இலாகா ஒரு கண்டனக் கடிதம் அனுப்பியது. ஊழியர் எண் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அவள் அதைப் படித்துவிட்டு அப்பாவின் பழைய காகிதங்களோடு வைத்தாள்.

டிரைவரைத் தவிர வேறு யாரும் கையெழுத்திடக் கூடாது என்று புத்தகத்தின் அடியில் ஒரு வரி புதிதாக வந்தது. அதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. குழுவின் அறிக்கை வர ஒரு வருஷம் ஆனது. முந்நூறு பக்கத்துக்கு மேல். எங்கள் டிப்போவுக்கு உடனே இருபத்திரண்டு டிரைவர்கள் வேண்டும் என்று அதில் இருந்தது. அப்பா சொன்னதும் ஒரு வரியாக இருந்தது. நாலு டிரைவர்கள் வந்தார்கள். குழுக்காரர் எங்கே போனார் என்று தெரியவில்லை.

ஏழாம் நம்பர் அக்கா அந்த வருஷம் முழுவதும் அம்மாவோடு பேசவில்லை. புத்தகம் வந்தால் அவள் தன் புருஷனை எழுப்பிக் கதவருகே கூட்டிக்கொண்டு வருவாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். நான் மருந்துக்கடை வேலையிலேயே இருந்தேன்.

மாமாவை இரண்டு படி இறக்கி, பதினோரு மணி நேரத் தூரத்தில், ஒரு நாளைக்கு இரண்டு வண்டிகள் மட்டும் நிற்கும் ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். அவர் தனியாகப் போனார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் முடியட்டும் என்று அத்தை காரணம் சொன்னாள். அவர் கிளம்பிய மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டு பெட்டிகளோடும் இரண்டு பிள்ளைகளோடும் எங்கள் வீட்டிலேயே தங்க வந்தாள். மாமாவிடம் சொல்லிவிட்டு வரவில்லை.